பெருவிரலை நிறுத்தியவள்

அவள் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பது குறைவு. பெருவிரலைத்தான் பார்ப்பாள். ஹட்டன் பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரி வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே யார் போனைக் கையில் வைத்திருந்தாலும் அவள் கண் அந்தப் பெருவிரலில் போய் ஒட்டிக்கொள்ளும். விரல் மேலே தள்ளும், தள்ளும், தள்ளிக்கொண்டே போகும். சட்டென்று ஓரிடத்தில் நிற்கும். உடனே அவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பாள்.

"அந்தா நிப்பாட்டிருச்சு பாருங்க டீச்சர். என்னாத்துல நிப்பாட்டுச்சுன்னு பாத்துட்டு வாறேன்."

முன்பின் தெரியாத ஆளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து அவள் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை.

நான் அவளிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லிக் குரல் கொஞ்சம் பழகியிருந்தது. கொம்பியூட்டர் பேசும் தமிழ் வேறு எங்கேயோ பிறந்து வளர்ந்த தமிழாக இருக்கிறது, நம் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள், தன் விளம்பரங்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்று, யாரோ என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அவள் என்னைக் கூப்பிட்டாள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவள் எப்போதும் என்னை டீச்சர் என்றுதான் அழைத்தாள். நான் அவளைப் 'புள்ள' என்பேன்.

ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில் அவளுடைய காரியாலயம் இருந்தது. ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், மழை ஒழுகினால் வைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி. கீழே கடை நடத்திய ஹாஜியார்தான் வீட்டுக்காரர். முதல் வாடிக்கையாளரும் அவரே. பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு விளம்பரம் கேட்டார். நாற்காலியைக் காட்டி, விலையைக் காட்டி, கடைசியில் கடையின் பெயரைக் காட்டினால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். அவள் செய்து கொடுத்ததில் ஒரு யானை ஹட்டன் கடைத்தெருவில் நடந்துவந்து, மூச்சுவாங்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டது. ஹாஜியார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த மாதம் கடைக்கு வந்தவர்களெல்லாம் "யானை உக்காந்த கதிர" வேண்டும் என்றார்கள்.

எழுதிக் கொடுத்தால் படம் செய்து தருகிற ஏஐ கருவிகள்தான் அவளுடைய ஆயுதங்கள். படம் பிடிக்க ஆள் வேண்டாம், யானை வேண்டாம், வெயில்கூட வேண்டாம். ஆனால் அந்தக் கருவிகளோடு அவள் நாள் முழுக்கச் சண்டை போடுவாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் என்று எழுதினால், கல்யாண நகை போட்ட ஒருத்தி வந்து பல்லைக் காட்டிச் சிரிப்பாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிய தோட்டத்து லயம் என்று எழுதினால் பனி மூடிய மலையில் மரவீடு வரும். "இதுக்கு நம்மளத் தெரியவே தெரியாது டீச்சர்," என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். "ஒலகத்துல உள்ள அத்தன படத்தயும் தின்னுருக்கு. நம்ம லயத்த மட்டும் பாக்காமப் போயிருச்சு."

முதல் இரண்டு மூன்று விநாடிதான் அவளுக்கு எல்லாம். மிச்ச விளம்பரத்தை யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்பாள். "மொதல்ல நிப்பாட்டணும். பொறகுதான் பேசணும். நிக்காத ஆளுகிட்ட என்னாத்தப் பேசுறது?"

இது அவளுக்குத் தொழிலால் வந்த புத்தி இல்லை என்பதை ஒரு மாலையில் கண்டேன். அவளுடைய அம்மாவைப் பார்த்துவிட்டு வட்டகொடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழை. தோட்டத்துச் சந்தியில் நின்று கையைக் காட்டினோம். ஒரு பஸ் நிற்காமல் போனது. அடுத்ததும் சேற்றை அடித்துவிட்டுப் போனது. மூன்றாவது பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்ததும் அவள் குடையை விரித்துக்கொண்டு பேசாமல் நடுறோட்டில் போய் நின்றாள். நான் கத்தினேன். பஸ் வழுக்கிக்கொண்டு வந்து அவள் குடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சாரதி சிங்களத்தில் வாயில் வந்ததெல்லாம் பேசினார். அவள் ஏறி, குடையை மடக்கி, அதே சிங்களத்தில் அமைதியாகச் சொன்னாள், கை காட்டினால் நிற்பதில்லை, அதனால்தான் இப்படி என்று.

"சின்ன வயசிலயும் இப்படித்தான்," என்று பிறகு சொன்னாள். "ஸ்கூலுக்குப் போகணும்ல?"

பள்ளிக்கூடம் முடித்துக் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் சில வருடம் இருந்தாளாம். அங்கே அவள் சொல்லும் யோசனை யார் காதிலும் விழாதாம். அதையே பக்கத்து மேசைக்காரர் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம். இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

கூரைத் தகடு விளம்பரம் வந்தது ஹாஜியார் வழியாகத்தான். கொழும்புக் கம்பனி ஒன்றின் தகடுகளுக்கு அவர் இந்தப் பகுதி முகவர். கம்பனிக்காரர் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார், யாரும் தாண்டிப் போகக் கூடாது. அவளுக்கு வேறென்ன வேண்டும்? நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் அதிலேயே கிடந்தாள்.

மழை பெய்கிறது. ஒரு லயத்துக்குப் பின்னால் மலை பிளக்கிறது. தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் அப்படியே சரிந்து வருகின்றன. ஒரு பெண் "ஓடுங்க!" என்று கத்துகிறாள். மண் லயத்தை மூடுகிறது. பிறகு சரிவு அடங்கி, மழை விட்டு, வெயில் வரும்போது அந்தக் கூரைத் தகடு மட்டும் மடங்காமல் மின்னிக்கொண்டு நிற்கிறது. கம்பனியின் பெயர்.

"ஓடுங்க" என்று கத்தியது என் குரல்.

ஹாஜியார் பார்த்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நல்லாத்தான் ஈக்குது மகள்," என்றார். "ஆனா சாமான் விக்கிறதுக்கு ஆக்கள இப்பிடிப் பயங்காட்டணுமா?"

"பயந்தாத்தான் ஹாஜியார் நிப்பாங்க."

எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த லயத்தை நான் பார்த்திருக்கிறேன். வளைந்த படிக்கட்டு, முனையில் சின்னக் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒற்றைச் சவுக்கு மரம். அது அவள் பிறந்த லயம். அவளுடைய அம்மா இன்றும் இருக்கிற லயம்.

"ஏன் புள்ள, இது உங்க வீடுல்ல?"

"ஆமா. ஏஐக்குத்தான் லயமே தெரியலையே. நம்ம எடத்துப் படத்தக் குடுத்தேன், அச்சு அசலா செஞ்சிருச்சு." அவளுடைய முகத்தில் பெருமைதான் இருந்தது.

விளம்பரம் பரவியது. அதற்குப் பிறகு மழை வலுத்த ஒரு காலையில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மூச்சுவாங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"மல விழுந்திருச்சாம்டி! எந்தப் பக்கம்னு தெரியல. எல்லாரும் ஓடுறாங்க!"

"யாரும்மா சொன்னா?"

"போன்ல படம் வந்திருக்கு. நம்ம லயந்தான். கோயிலு தெரியுது. மண்ணு மூடுது."

அவள் வட்ஸ்அப்பைத் திறந்தாள். யாரோ வெயிலையும் தகட்டையும் கம்பனிப் பெயரையும் வெட்டிவிட்டு, முதல் பகுதியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். இந்த மழைக்கு அது கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. என் குரல் "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தியது.

"அம்மா, அது பொய்! அது நான் செஞ்சது! எல்லாரயும் நிப்பாட்டுங்க! அம்மா!"

மறுபக்கம் யாரும் இல்லை. போனை அப்படியே போட்டுவிட்டு அம்மாவும் ஓடியிருந்தார். குழந்தைகள் அழும் சத்தமும், எங்கோ ஒரு தகரம் விழும் சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

யாரும் சாகவில்லை. ஆனால் லயத்தில் அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த பெண் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவள் அந்தப் பெண்ணைச் சித்தி என்று அழைப்பாள். இரத்த உறவு இல்லை, ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட உறவு. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன நாட்களில் அவளுக்குச் சோறு போட்டவர் சித்திதான். கொழுந்து பறிக்கிறவருக்கு வலது கை போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். நானும் போனேன். கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். தோட்டத் தலைவர் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏன் புள்ள, ஊரு ஒலகத்துல வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

"எங்கிட்ட வேற லயத்துப் படம் இல்லைங்க."

அவள் எல்லோர் முன்னாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அதோடு விட்டிருந்தால் போதும். அவளால் முடியவில்லை. போனை எடுத்துக் கோயிலைப் படம் பிடித்தாள். அங்கேயே எதையோ எழுதினாள். கொஞ்ச நேரத்தில் கோயில் வாசலில் ஒரு சிங்கம் வந்து சோம்பல் முறிப்பதைக் காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெரியவர்களும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? இவ்வளவுதான். இனிமே போன்ல என்னா வந்தாலும் நம்பாதீங்க. கண்ணால பாக்காம ஓடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கையில் மாவுக்கட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்த சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

விளம்பரத்தை எடுத்துவிடும்படி அவள் கம்பனிக்காரரிடம் கெஞ்சினாள். பார்க்கிறவர்களின் தொகை ஏறிக்கொண்டிருக்கிறதே, இப்போது எடுப்பதா என்றார் அவர். ஹாஜியார் தன் கடைப் பக்கத்தில் இருந்ததை அன்றைக்கே எடுத்துவிட்டார். அவள் மேசையில் உட்கார்ந்து அந்தத் தொகை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கம் அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. வெட்கத்தோடு இன்னொன்றும் தெரிந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போனேன்.

சில மாதம் கழிந்து அடுத்த மழை தொடங்கியது. ஒரு நண்பகல், தோட்டத்து இளைஞன் ஒருவன் எடுத்த வீடியோ அவர்களுடைய லயத்து வட்ஸ்அப் குழுவில் வந்தது. அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. முதலில் குடைக்கம்பி. பிறகு அவனுடைய செருப்பு. பாதிப் படத்தை அவனுடைய விரலே மறைத்தது. பின்னால் ஒரு ஆட்டின் கால். "இங்கன வெடிச்சிருக்கு… இந்தா… இங்கனயும்," என்று குரல் மட்டும் வந்தது. மண்ணில் ஏதோ ஒரு கோடு தெரிந்தது, மறைந்தது.

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அக்காவோட புது விளம்பரமா? இந்தத் தடவ என்னா விக்கிறாங்க? சிங்கத்த எங்க காணோம்?

அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது நெசம் டீச்சர்."

"எப்பிடிச் சொல்ற?"

"பாக்கவே முடியல. எதக் காட்டணும்னே அவனுக்குத் தெரியல. ஆள நிப்பாட்டணும்னு எடுத்தது இல்ல இது. பயந்து போய் எடுத்தது."

அம்மாவுக்கு எடுத்தாள். "நீதானடி சொன்ன, போன்ல வர்றத நம்பாதேன்னு? இங்க ஒண்ணுமில்ல. மழதான் பெய்யுது." தலைவருக்கு எடுத்தாள். "மறுபடியுமா புள்ள?" என்றார் அவர். கிராம அலுவலகத்துக்குச் சொன்னாள். குறித்துக்கொண்டார்கள், தலவாக்கலைப் பக்கம் மரங்கள் விழுந்து கிடப்பதால் வந்து பார்ப்பதற்கு நேரமெடுக்கும் என்றார்கள். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"நான் போறேன். நீங்க வர வேணாம்."

நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்த "ஓடுங்க" என் தொண்டையிலிருந்து போனது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஓட்டோக்காரர் தலவாக்கலைக்கு அப்பால் இரண்டு இடத்தில் திரும்பிவிடலாம் என்றார். இரண்டு தடவையும் அவள் இறங்கி மரக்கிளையை இழுத்து ஒதுக்கினாள். கடைசி ஏற்றத்தை நடந்தோம்.

லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தோம். வெடிப்பு தேயிலைக்குள் வளைந்து போயிருந்தது. என் கை உள்ளே போகும் அளவுக்கு அகலம். மேலேயிருந்து வடிகானில் ஓடிவந்த மழைத் தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த தண்ணீர் எங்கேயும் வெளியே வரவில்லை.

அவள் வீடு வீடாகப் போனாள். கத்தவில்லை. "வாங்க, ஒரு தடவ பாத்துட்டுத் திரும்பிருங்க" என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சிலர் கையை உதறினார்கள். ஒரு பையனின் அப்பா கெட்ட வார்த்தை சொன்னார். தலைவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து தன் குடையை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். குடை பிடிவரைக்கும் போனது. அவர் குடையை வெளியே எடுக்கக்கூட இல்லை. கீழே ஓடி, "பள்ளிக்கூடத்துக்குப் போங்க! எல்லாரும்! சாமான எடுக்காதீங்க!" என்று சத்தம் போட்டார்.

அதன்பிறகு லயம் வேகமாகக் காலியானது. அவள் தன் அம்மாவைப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய்த் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாள். ஒரு காம்பராவில் மட்டும் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

சித்தி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சித்தி, வாங்க."

"நான் போன தடவ ஓடினேன்ல?" அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. "இந்தா. ஓடினதுக்குக் கெடைச்சது. இனி நெசமாவே வந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். எதையாவது சொல்லப் போகிறாள், அது சித்தியைத் தூக்கி நிறுத்தப் போகிறது என்று நான் எதிர்பார்த்தேன். எத்தனை ஆயிரம் பேரை நிறுத்தியவள் அவள்! ஆனால் வாயை மூடிக்கொண்டாள். ஈரத் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் இஸ்தோப்பில், கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வீட்டில் விட்டுவந்த என் பிள்ளைகளின் முகம் வந்து வந்து போனது. பின்சுவரில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சித்தி இடது கையால் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினார். ஒரு கோப்பைதான். தானே குடித்தார்.

"எந்திரிச்சுப் போடி."

"நீங்க வந்தா வாறேன்."

"என்னா, நான் மண்ணுக்குள்ள போனா ஒம் மேல பழி வந்திரும்னு பாக்கிறியா?"

'இல்லை சித்தி, பாசத்தில்தான்' என்று அவள் சொல்வாள் என நான் நினைத்தேன்.

"ஆமா சித்தி," என்றாள். "அதுவுந்தான்."

சித்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். கொடியிலிருந்து ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, பூட்டியதா என்று இழுத்தும் பார்த்தார். அவளுடைய கை சித்தியின் முழங்கையைப் பிடித்திருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது சித்தி அதை உதறிவிட்டார். அவள் திரும்பவும் பிடித்தாள்.

மலை மறுநாள் முற்பகலில் இறங்கியது. மழை விட்டு, கொஞ்சம் வெளிச்சம் வந்து, "சும்மா பயங்காட்டிட்டாங்க" என்று ஓரிருவர் திரும்பிப் போகப் பேச்செடுத்த நேரம். பள்ளிக்கூடத்தில் இருந்து பார்த்தோம். அவள் செய்த படத்தில் போலத் தேயிலை வரிசை கலையாமல் வரவில்லை. எல்லாம் ஒரே குழம்பாக, கறுப்பாக, கல்லும் மரமும் புரண்டு வந்தன. கோயிலும் இல்லை, சவுக்கும் இல்லை. லயத்தின் ஒரு முனை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சித்தியும் அம்மாவும் ஒரே சேலையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அத்தனை காம்பராவிலும் ஆளில்லை. அதை மட்டும் தலைவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்குக் குடிக்கப் பால் இல்லை, மாற்றிக்கட்டத் துணி இல்லை, பெரிய பாதை அடைபட்டிருந்தது. அந்த இளைஞன் சரிவை வீடியோ எடுத்துப் போட்டான். உதவி கேட்டு எழுதினான். அதற்கு வந்த பதில்களை அவள் படித்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஏஐ. இந்தப் படம் முன்னயே வந்துச்சு, தகடு விக்கிற விளம்பரம். ஏமாறாதீங்க. இதுக்குப் பேரு பொழப்பா?

கம்பனிக்காரரும் கூப்பிட்டார். உண்மையான காட்சி ஏதாவது கையில் இருக்கிறதா, பழைய விளம்பரத்தோடு சேர்த்து ஏதாவது செய்யலாமே என்று. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்லைங்க சேர்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். உண்மையிலேயே அவளிடம் இல்லை. மலை இறங்கியபோது அவள் போனை எடுக்கவே இல்லை.

பிறகு அந்த இளைஞனின் போனை வாங்கினாள். அத்தனை விளம்பரத்திலும் ஒரு நாளும் தன் முகத்தைக் காட்டாதவள், பள்ளிக்கூடச் சுவரோரம் நின்று நேரலையில் பேச ஆரம்பித்தாள்.

"வணக்கம். அந்த விளம்பரத்தச் செஞ்சது நான்தாங்க. அது பொய். இது நெசம். இங்க அறுபது எழுபது பேரு இருக்கோம்…"

தலை சீவவில்லை. கன்னத்தில் சேறு. குரல் கம்மியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள். நான் பக்கவாட்டில் நின்று கீழே ஓடும் வரிகளைப் படித்தேன். ஒருவர் எழுதினார், இந்தப் பொம்பளையே ஏஐதான், கண்ணப் பாருங்க, சிமிட்டவே இல்ல. அடுத்தவர் எழுதினார், ஆமா, வாயும் பேச்சும் சேரல. நூறு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

அவளும் அதைப் படித்துவிட்டாள். கண்ணைச் சிமிட்டினாள். அவசரமாக, பலதடவை. இப்போ பாருங்க, செயற்கையா சிமிட்டுது என்று ஒருவர் எழுதினார். அவள் பேச்சு நின்றது. எங்கே என்ன சொன்னால் ஆள் நிற்பான் என்று தெரிந்த அந்தப் பெண்ணிடம், தான் இருக்கிறேன் என்று காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

"என்னாவாம்?" என்று சித்தி என்னிடம் கேட்டார்.

"அவ நெசமான ஆள் இல்லைங்கிறாங்க. கொம்பியூட்டர் செஞ்ச பொம்மையாம்."

சித்தி எழுந்து போனார். போனுக்கு முன்னால் நின்று, அந்தக் கோணல் கையால் அவளுடைய தாடையைப் பிடித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கன்னத்தைக் கிள்ளி இழுத்தார். அவள் "ஆ" என்றாள்.

"இந்தா பாருங்க. எங்க லயத்துப் புள்ள. பக்கத்துக் காம்பரா. சின்ன வயசுல எங் கையால சோறு தின்னவ. பொய்யும் சொல்லிருக்கா, இந்தா எங் கைய ஒடச்சிருக்கா. பொம்மைன்னு சொல்ற ஆளு வாங்க. வட்டகொடையில இருந்து நடந்து வர பாத இருக்கு. வந்து தொட்டுப் பாருங்க."

நேரலை எப்போது முடிந்தது என்று தெரியாது. போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

பிற்பகலில் ஒரு ஆள் ஏற்றத்தில் நடந்து வந்தார். முன்பின் தெரியாதவர். வட்டகொடையில் சின்னக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் ஒரு மூட்டை பேக்கரிப் பாண். நேரே அவளிடம் வந்து, முகத்துக்கு நேராக நின்று, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமாங்க."

அவர் மூட்டையை இறக்கிவைத்தார். பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்றார். வந்தார்கள். இருட்டுவதற்குள் பாலும் பாயும் வந்தன. மறுநாள் பாதை திறந்து லொறிகளும் வந்தன.

அதன்பிறகு அவள் ஹட்டன் மாடிக்குச் சாமானை எடுக்கத்தான் வந்தாள். இப்போது கொழும்பில் வேறு ஏதோ வேலை என்று கேள்வி. எப்போதாவது கூப்பிடுவாள், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், வைத்துவிடுவாள். அவளை நல்லவள் என்று சொல்வதா, ஆபத்தானவள் என்று சொல்வதா என்று யாராவது கேட்டால், அந்தப் பிற்பகலில் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதைத்தான் சொல்வேன்.

பாணைத் துண்டு போட அவள் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடது கையால் பாணை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு மூன்று பாண் முடிந்தன.

"ஒன்னய மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிராத," என்றார் சித்தி.

"நெனைக்கல சித்தி."

"ம்ம். மெல்லிசா வெட்டு. ஆளு நெறைய இருக்கு."